ஆணியில்லாத ஷூவும் அண்டார்டிகாவும்

உன் பீரோவை இத்தனை மாதமாக நான் தொடவில்லை. பெங்களூரிலிருந்து வந்திருக்கும் மகள்தான் இன்று காலை திறந்தாள். பாச்சை உருண்டை வாசனை கூடம் வரைக்கும் வந்தது. புடவைகளை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டே வந்தவள், அடித்தட்டில் கிடந்த பழைய பருத்தி ரவிக்கைகளைத் தூக்கிப் பிடித்து, "இன்னாப்பா இது, அம்மா ரவிக்கை ஒண்ணுலகூட ஹூக் இல்ல? எல்லாத்துலயும் துணி முடிச்சு போட்டு வெச்சிருக்காங்க" என்று கேட்டாள்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்த ரவிக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்க அம்மா இரும்பை ஒதுக்கி வைத்திருந்த காலத்து ரவிக்கை அது என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் ஆம்பூரில் தொடங்கி அண்டார்டிகா வரைக்கும் போகவேண்டும். அவளோ மத்தியானம் பஸ் ஏறுகிறவள். அதனால் உனக்கே எழுதுகிறேன். உனக்கு எல்லாம் தெரியும்தான். ஆனாலும் என் பக்கத்து நியாயத்தை நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை.

கல்யாணமான புதிது. எழுபதுகளின் பின்பாதி. நீ வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கால் வடிவத்து அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்து அதை ஷூவாக்கும் பிரிவு என்னுடையது. ஒரு சாயங்காலம் ஆம்பூர் ஸ்டேஷனில் காட்பாடி வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல வண்டி லேட். எதிரே இருந்த மலையைக் காட்டி, இந்த மலை இங்கே பிறந்தது இல்லை என்றாய். பின்னே எங்கே பிறந்தது என்றேன். தெற்கே, ரொம்பத் தெற்கே, பனி மூடிக் கிடக்கிற கண்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அறுந்து இங்கே வந்துவிட்டது என்று, ஏதோ உன் சித்தி வீடு மாற்றிக்கொண்டு வந்த சேதி மாதிரி சொன்னாய்.

என்னைக் கிண்டல் செய்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. பிளாட்பாரத்தில் கால் வைத்திருக்கவே ஒரு மாதிரி இருந்தது. யார் பார்த்தது என்று கேட்டேன். "யாரும் பாக்கலங்க. கல்லு ஞாபகம் வெச்சிருக்கு" என்றாய். உருகிய பாறை ஆறும்போது, அதனுள் இருக்கும் இரும்புத் துகள்கள் அந்தக் காலத்துப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கமே திரும்பி நின்றுவிடும், பிறகு பாறை எங்கே போனாலும் அந்தக் காந்தம் அதில் தங்கியிருக்கும், மறுபடி கொதிக்கக் காய்ச்சினால்தான் மறக்கும் என்றாய். வண்டி வந்தது. நான் ஏறின பிறகும் அந்த மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதோடு விட்டாயா. அடுத்த வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே இன்னொரு இடியை இறக்கினாய். இலங்கைக்குத் தெற்கே கடலில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறதாம். கடலுக்கு அடியில் இல்லை, தண்ணீரின் மேல்பரப்பிலேயே பள்ளம். பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் ஓர் இடத்தில் கொஞ்சம் ஜாஸ்தியாக இழுபடும், இன்னோர் இடத்தில் கொஞ்சம் கம்மியாக இழுபடும், அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டே அதைக் கண்டுபிடித்தார்களாம். வேலூர்க் கோட்டைக் கோயில் கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நிறுத்தினால் ஏறக்குறைய அந்த ஆழம் என்றாய். அதில் கப்பல் போனால் சறுக்காதா என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து உனக்குப் புரை ஏறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கடல் மட்டம், கடல் மட்டம் என்று அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மட்டமே மட்டமாக இல்லை என்றால் ஒரு மனுஷன் எதைத்தான் நம்புவது?

அந்த நாட்களில்தான் நீ ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாய். பேரணாம்பட்டு மலைப் பக்கம் ஆரம்பித்து, மாதனூர் அருகே பாலாற்றைத் தாண்டி, தெற்கே ஜவ்வாது மலை அடிவாரம் வரைக்கும் ஒரே கோடாக நடந்து, இடத்துக்கு இடம் பூமியின் காந்தத்தை அளக்கவேண்டும். சென்னையிலிருந்த உன் பேராசிரியர் ஒரு பழைய கருவியை இரவலாகக் கொடுத்தார். முக்காலி மேல் உட்காரும் பித்தளைப் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் காந்தம் தராசு முள் மாதிரி கத்தி விளிம்பில் நிற்கும். கண்ணாடித் துளையில் கண்ணை வைத்து அது எவ்வளவு சாய்கிறது என்று நீ படிப்பாய். அதற்கு நான் காந்தத் தராசு என்று பெயர் வைத்தேன். உனக்கும் அந்தப் பெயரே பழகிவிட்டது.

இரும்பு பக்கத்தில் வரக்கூடாது என்பது அந்தத் தராசின் ஒரே நிபந்தனை. அதைத்தான் நீ விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாய். கொண்டை ஊசி போயிற்று, பின்னலை நூலால் கட்டினாய். புடவைக்கு ஊக்கு குத்துவதில்லை. கைக்கடிகாரம் வீட்டில். ரவிக்கை ஹூக்கை எல்லாம் பிளேடால் அறுத்தெடுத்துவிட்டுத் துணி முடிச்சு தைத்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானும் உன்கூட வருவேன். பெட்டியைச் சுமப்பது வரைக்கும்தான் எனக்கு மரியாதை. தராசை நிறுத்தியதும் என்னையும் என் பெல்ட்டையும் என் சைக்கிளையும் புளியமரத்தடிக்குத் துரத்திவிடுவாய். கட்டின புருஷன் தீட்டுப் பட்டவன் மாதிரி தூரத்தில் நிற்பேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நமக்குள் சண்டை என்று நினைத்துக்கொண்டு, எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஹவாய் செருப்போடுதான் நடந்தாய். பேரணாம்பட்டிலிருந்து பாலாறு வரைக்கும் அப்படியே முடித்துவிட்டாய். மாதனூரை நெருங்கும்போது வேலிகாத்தான் முள் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. சீழ் வைத்து, காய்ச்சல் வந்து, நர்ஸாக இருந்த உன் அம்மா வந்து கீறி எடுத்தார்கள். ஷூ கம்பெனிக்காரன் பெண்டாட்டி செருப்பால் கால் புண்ணாகிப் படுத்திருக்கிறாள் என்று ஆம்பூர் முழுக்கப் பேச்சு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

உன் பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போனேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் பாய் நல்ல தோலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். இரும்பு கூடாது என்று நீ சொல்லியிருந்தது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஷூவில் இரும்பு என்றால் ஆணி. எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கயிறு கட்டும் கண்ணுக்குக்கூடப் பித்தளை வளையம் வைத்தேன். எல்லாமே தையல், மிச்சம் பசை. கொண்டுவந்து உன் காலில் மாட்டி விட்டேன். "இரும்பு இல்லையே?" என்றாய். ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எழுந்து கூடத்தில் நடந்து காட்டினாய். பூமேல நடக்கிற மாதிரி இருக்கு என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

மாதனூருக்குத் தெற்கே முழுவதும் அந்த ஷூவோடு நடந்தாய். தினமும் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரே இடத்தில் தராசை வைத்துப் பார்ப்பது உன் வழக்கம். இரண்டு வேளையும் ஒரே அளவு காட்டினால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நீ தேர்ந்தெடுத்த இடம் மாதனூர்ப் பக்கத்துச் சின்ன சர்ச்சின் பின்னால் இருந்த ஒரு கல். கேட்டுக்கு வெளியே செருப்பு விடுகிற சர்ச் அது. நீயும் ஷூவைக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவாய். தராசு தினமும் ஒரே அளவைக் காட்டும். நீ திருப்தியாக வெளியே வந்து ஷூவை மாட்டிக்கொண்டு வயல்வெளிக்குப் போவாய். இதில் என்ன இருக்கிறது என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சர்ச்சுக்குள் யாராவது ஷூ போட்டுக்கொண்டு போவார்களா?

அளவுகளை எல்லாம் கோடாக வரைந்தபோது மாதனூரில் ஒரு படி எழுந்தது. வடக்கே ஓர் அளவில் ஓடிவந்த கோடு, ஆற்றைத் தாண்டியதும் சட்டென்று ஏறி, பிறகு அதே உயரத்தில் தெற்கே போயிற்று. நீ அந்தத் தாளை வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாய். அடியில் பாறையே மாறுகிறது என்றாய். நாம் தினமும் பஸ்ஸில் போய்வருகிற ரோட்டுக்குக் கீழே, பூமியின் இரண்டு பழைய துண்டுகள் சந்திக்கிற எல்லை ஓடுகிறது என்றாய்.

அதே சமயத்தில் சென்னையிலிருந்து அந்த வரைபடம் வந்தது. காந்தத்தை அளப்பதற்கென்றே ஒரு செயற்கைக்கோளை ஏவியிருந்தார்கள். சில மாதங்கள் தாழ்வாகச் சுற்றி அளந்துவிட்டு எரிந்து விழுந்துவிட்டது. அது அனுப்பிய அளவுகளை வைத்து, பூமியின் மேலோட்டில் எங்கே காந்தம் ஜாஸ்தி, எங்கே கம்மி என்று உலகம் முழுவதுக்கும் படம் போட்டிருந்தார்கள். பேராசிரியர் அதில் ஒரு நகல் எடுத்து உனக்குக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை நான் மறக்கமாட்டேன். கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் கெட்டி அட்டை கேட்டாய். கொண்டுவந்தேன். இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா என்று ஒவ்வொன்றாக அதில் வரைந்து, ஜாஸ்தி உள்ள இடத்துக்குச் சிவப்பும் கம்மியான இடத்துக்கு நீலமும் பூசினாய். நான் கத்தியால் வெட்டிக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து நீ அவற்றை ஒன்றோடொன்று நெருக்கினாய், பிரிவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி. நான் ஓரங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தைப் பார்க்காதீர்கள், நடுவில் பாருங்கள் என்றாய். பார்த்தேன். இந்தியாவில் பாதியில் நின்றிருந்த சிவப்பு அண்டார்டிகாவுக்குள் தொடர்ந்தது. ஆப்பிரிக்காவின் கரையில் அறுந்திருந்த நீலம் அடுத்த துண்டில் போய் முடிந்தது. நடுவே ஒரு மகாசமுத்திரம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கறை.

சில இடங்களில் பொருந்தவில்லை. அதைக் காட்டி, அப்படியானால் உன் கதை பொய்தானே என்று மடக்கினேன். நீ அசரவில்லை. "பொருந்துறது, சேந்து இருந்தப்பவே இருந்தது. பொருந்தாதது, பிரிஞ்ச பின்னாடி அதுக்கு நடந்தது" என்றாய். வழியில் அடியிலிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி இந்தியாவின் மேற்கை மூடிற்று, இழுபட்ட ஓரங்கள் மெலிந்தன, சூடேறிய பாறை பழைய காந்தத்தை மறந்தது. ஒரு துண்டு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அல்ல, வருகிற வழியில் அது என்ன பாடுபட்டது என்பதும் மேலிருந்து பார்த்தால் தெரிகிறது என்று சொன்னாய்.

அந்தப் படத்தில் இந்தியாவின் தெற்குத் துண்டு வடக்கிலிருந்து வேறாகத் தெரிந்தது. உன் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேலிருந்து மங்கலாகத் தெரிவதன் ஓரத்தை நீ மாதனூரில் காலால் நடந்து தொட்டுவிட்டாய் என்றாராம். சீக்கிரம் எழுதி முடி, பெரிய கூட்டத்தில் படிக்கலாம், வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றாராம். நீ எழுதத் தொடங்கினாய். மாதனூர் என்ற பெயர் உலகத்துப் புத்தகத்தில் வரப்போகிறது என்று நான் கம்பெனியில் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்தேன்.

அந்த வருஷத்து ஆயுத பூசை வந்தது. எங்கள் முதலாளி முஸ்லிம். பூசை போடுவது மெஷின் ஆட்கள். சுண்டலுக்கு எல்லோரும். குடும்பத்தோடு வரலாம் என்பதால் உன்னையும் அழைத்துப் போனேன். படையலுக்கு முன்னால் தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பாக்கிங்கில் வேலை செய்யும் ஓர் அம்மா, கயிற்றில் கட்டின காந்தத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனார். சிதறிக் கிடந்த ஆணிகள் அதில் வந்து ஒட்டின. கூடவே விரல் நீளத்துக்கு வளைந்த தகடுகளும் துள்ளித் துள்ளி ஏறின. நீ சுண்டலை வாயில் போடப்போனவள் அப்படியே நின்றாய்.

"இன்னாங்க அது?"

எனக்கு அப்போதும் ஒன்றும் உறைக்கவில்லை. தொழிலைப் பற்றி நீ கேட்கிறாயே என்று சந்தோஷமாகச் சொன்னேன். அது ஷாங்க், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் வைக்கிற எஃகுத் தகடு, உள் அட்டைக்குள்ளேயே பதித்து வந்துவிடும், வெளியே தெரியாது, ஷூவுக்கு அதுதான் முதுகெலும்பு, அது இல்லாத ஷூவை நாங்கள் ஷூ என்றே சொல்லமாட்டோம் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"எனக்குப் பண்ணதுலயும் இருக்கா?"

"இல்லாம? எக்ஸ்போர்ட் சரக்கு, நல்லதாப் பாத்து வெச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. உன் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாய். கையில் இருந்த சுண்டல் காகிதத்தோடு கீழே விழுந்தது. கட்டிங் மாஸ்டர் பாய் ஓடிவந்து உனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மெஷின்களுக்குக் கற்பூரம் காட்டினார்கள், மணி அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தராசை நிறுத்தினாய். பொழுது இன்னும் சாயவில்லை. வெறுங்காலோடு பார்த்தாய். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்று பார்த்தாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் துளையில் கண்ணை வைத்தேன். எண்ணை நீ சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மாதனூரில் எழுந்த படி எவ்வளவோ, முள் அவ்வளவு நகர்ந்திருந்தது. கண்டங்கள் சந்திக்கிற எல்லை பாலாற்றுக்கு அடியில் இல்லை. உன் காலுக்கு அடியில் இருந்தது. அதை வைத்தவன் நான்.

நீ கத்துவாய், அழுவாய் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "மத்தவங்க குடுத்திருந்தா தராசுகிட்ட வெச்சுப் பாத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னாய். அதற்கு நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நான்தான் கத்தினேன். என் பக்கத்து நியாயம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். ஷாங்க் வைத்தது தப்பில்லை. ஷாங்க் இல்லாமல் செய்து உன் கால் மடங்கியிருந்தால் அப்போது என்ன சொல்லியிருப்பாய்? அந்தச் சர்ச்சில் செருப்பு விடுகிற வழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், அதற்கு நான் என்ன செய்ய? இதை எல்லாம் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். உன் பேராசிரியர் ஒத்துக்கொண்டாயிற்று, செயற்கைக்கோளே உன் பக்கம் சாட்சி சொல்கிறது, தெற்கு வேறு என்பது எப்படியும் உண்மைதானே, பேசாமல் கொடுத்துவிடு, இது யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

நீ கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தினாய். என்னை ஏற இறங்கப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என் மேல் இருக்கிறது.

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே வீட்ல எப்டி இருக்கறது?"

நான் பட்டத்தைப் பற்றியும் ஊரில் என் மானத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ நம் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

மறுநாளே லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனாய். பேராசிரியருக்கும் பெரிய அதிர்ச்சிதானாம். ஆனாலும் அவரும் நான் சொன்னதையே நாகரிகமாகச் சொன்னாராம். முடிவு செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போகிறதே அம்மா, இரண்டொரு இடத்தில் மட்டும் மறுபடி அளந்து பார்த்துவிட்டு விட்டுவிடலாமே என்று. சரியான ஊருக்குத் தப்பான பஸ்ஸில் வந்திருக்கிறேன், இறங்கித்தான் ஆகவேண்டும் என்று நீ சொன்னாயாம். திரும்பி வந்து அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அழுதாய்.

தெற்குப் பாதி முழுவதையும் மறுபடி நடக்கவேண்டியதாயிற்று. முதலில் ஹவாய் செருப்பையே எடுத்தாய். வேண்டாம், நான் இன்னொரு ஜோடி செய்து தருகிறேன் என்று கெஞ்சினேன். அந்தக் காலத்தில் மூங்கில் பட்டையை ஷாங்காக வைக்கிற வழக்கமும் இருந்தது. மூங்கிலைச் சீவி, நெருப்பில் வாட்டி வளைத்து வைத்துத் தைத்தேன். உன் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். நீ நேராகக் கொல்லைக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு ஷூவையும் தராசின் பக்கத்தில் வைத்து, திருப்பி வைத்து, நகர்த்தி வைத்து, துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாய். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அவமானமாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன. முள் அசையவில்லை என்றாய். பிறகு அங்கேயே உட்கார்ந்து காலில் மாட்டிக்கொண்டு, நல்லா இருக்கு என்றாய். அந்த அவமானம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று வெயிலில் அலைந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வந்தேன். இந்தத் தடவை பெல்ட்டை வீட்டில் விட்டுவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்ததால் கொஞ்சம் கிட்டத்திலேயே நிற்க அனுமதி கிடைத்தது. ஒவ்வோர் இடத்திலும் நீ எண்ணைச் சொல்லும்போது என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். படி கொஞ்சமாவது மிஞ்சவேண்டும் ஆண்டவரே என்று நான் ஜெபம் பண்ணினது உனக்குத் தெரியாது. பாதியாவது, கால்வாசியாவது.

ஒன்றும் மிஞ்சவில்லை. கோடு மாதனூரைத் தாண்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி, அதன்பாட்டுக்குத் தெற்கே போயிற்று. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பழைய பாறை. செயற்கைக்கோள் சொன்னதில் பொய் இல்லை. அது காட்டின மாற்றம் இன்னும் தெற்கே, இன்னும் ஆழத்தில், ஒரு கோடாக இல்லாமல் அகலமாகப் பரந்து இருக்கிறது, என் கோட்டுக்குள் அது வரவே இல்லை என்றாய். அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்த நிலம் அப்படியே ஒட்டியிருந்தது. மாதனூர் மட்டும்தான் அந்தக் கதையிலிருந்து விழுந்துவிட்டது.

பெரிய கூட்டமும் இல்லை, வெளிநாட்டுப் பத்திரிகையும் இல்லை. இந்தக் கோட்டில் எல்லை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாய். முதலில் எடுத்த தப்பான அளவுகளையும் கடைசியில் சேர்த்து, அளந்தவரின் காலணியில் இருந்த எஃகுத் தகட்டால் வந்த பிழை என்று காரணமும் எழுதினாய். யார் செய்த காலணி என்று எழுதவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் அதிக நேரம் பேசினாராம். இல்லாததை இல்லை என்று நிரூபித்ததற்கு ஒரு பட்டமா என்று நான் கேலி செய்தேன். இருக்குன்னு சொல்லி வாங்கியிருந்தா தூக்கம் வந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினாய்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நாம் எதையும் மறைத்ததில்லை. அது நல்ல குணம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பயம். உனக்குத் தெரியாமல் எதையாவது வைத்துக்கொண்டு உன் எதிரே சோறு சாப்பிட என்னால் முடியவில்லை. கம்பெனியில் எனக்கு மெமோ கொடுத்தது, தம்பிக்கு ஜாமீன் போட்டது, உன் சமையலில் காரக்குழம்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பது, எல்லாம் சொன்னேன். நீயும் சொன்னாய். சில நாள் கேட்கவே பேஜாராக இருக்கும்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகு, டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். சொன்னார். காலுக்குக் கீழே தரை நகர்கிற மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில், அம்மாவிடம் இப்போது சொல்லவேண்டாம், சாதாரண கட்டி என்று சொல்லி வையுங்கள், பாவம், நிம்மதியாக இருக்கட்டும் என்றார். நல்ல மனுஷர். உலகத்தில் எல்லாப் புருஷர்களும் அதைத்தான் செய்வார்கள். நானும் அதையே செய்வது என்றுதான் கதவு வரைக்கும் வந்தேன்.

நீ ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். இன்னா சொன்னாரு என்றாய். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னது அத்தனையையும், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்கு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. நீ அசையாமல் கேட்டாய். பிறகு, "ரெண்டு தடவ பாத்தாங்களா?" என்றாய்.

"பாத்தாங்க. நான்தான் ரெண்டாவது வாட்டி பாக்கச் சொன்னேன்."

அப்புறம் என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டு, சரி, வீட்டுக்குப் போலாம் என்றாய். மிச்சம் இருந்த நாட்களில் நாம் இந்த வீட்டில் சேர்ந்தே இருந்தோம். ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு அல்ல.

நீ போனதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கண்டம் நகர்ந்ததை நம்பினேன், கடலில் பள்ளம் இருப்பதை நம்பினேன், இதை முடியவில்லை. இப்போது இந்த வீட்டில் மறைக்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. ஆனால் சொல்லுகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மகள் கடைவீதிக்குப் போயிருந்தபோது பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். இன்று காலை சுகர் ஜாஸ்தி. அவளிடம் இட்லி என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது.